ஐந்து பொத்தான்

வெறுங்காலோடு காரில் போவது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஏசிக் காற்று நேராகப் பாதத்தில்தான் வந்து அடிக்கும். கிணத்துக்கடவில் ஏறினால் கோயம்புத்தூர் போய்ச் சேருவதற்குள் கால்விரல் மரத்துவிடும். ஏறின எல்லோருடைய செருப்பும் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கலந்து கிடக்கும். இறங்கியதும் ரோட்டோரத்தில் குனிந்து, அவரவர் ஜோடியைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

என் மனைவி லோகப்பிரியாவின் அண்ணன் தம்பிதுரையின் வண்டியில் அதுதான் சட்டம். லட்சுமி உட்காருகிற இடமாம். சாமி கும்பிடுகிற அறையில் பீடி குடிக்கிற மனிதர், காருக்கு மட்டும் செருப்பைக் கழற்றச் சொல்வார். சொல்வது என்ன, நம் காலைப் பார்ப்பார். நாமே கழற்றிவிடுவோம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். கல்லூரியை மூடியபோது, தம்பிதுரை தன் தென்னைநார் ஆலைக்கு என்னை மேனேஜராகக் கூப்பிட்டுக்கொண்டார். மேனேஜர் செய்த வேலை என்னவென்றால், அவர் போனுக்குப் பாட்டு வைத்துக் கொடுப்பது, அவர் வீட்டு டிவி ஓடாவிட்டால் போய்ப் பார்ப்பது, அவருடைய சர்க்கரை மாத்திரையின் பெயரை மருந்துக் கடையில் இங்கிலீஷில் வாசித்துக் காட்டுவது. ஆனால் ஒன்று, அவர் என்னை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. எங்கள் பக்கம் ஒருவரை மிதிப்பதென்றாலும் "ங்க" போட்டுத்தான் மிதிப்பார்கள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் செய்த வண்டி. குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் ஊரைக் காலிசெய்துகொண்டு போகும்போது விற்றது. டிரைவர் பக்கக் கதவில், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஐந்து பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு இலக்கம். சரியான ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் சாவியே இல்லாமல் கதவு திறக்கும். அந்த எண்ணைத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்புகிறார்கள். யாராலும் அழிக்க முடியாது. நமக்குப் பிடித்த வேறு எண் வைத்துக்கொள்ள வேண்டுமென்றாலும் முதலில் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். வண்டியோடு வரும் சின்ன அட்டையில் அது அச்சடித்திருக்கும். எஸ்டேட்காரர் அட்டையைத் தொலைத்துவிட்டார்.

"மாப்ள, நீங்க படிச்சவரு. அந்த நம்பரக் கண்டுபுடிச்சுக் குடுங்க பாக்கலாம்" என்றார் தம்பிதுரை.

கையேட்டை எடுத்துப் படித்தேன். அந்த வீட்டில் அதைப் பிரித்த முதல் ஆள் நான்தான். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் எழுதி வைத்திருந்ததையும் தேடிப் படித்தேன். அட்டை இல்லாவிட்டால், வண்டி உரிமையாளர் என்ற சான்றோடு கம்பெனியைக் கேட்கலாம். அல்லது ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு கறுப்புப் பெட்டியில் எண் ஒட்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையில் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்குத் தாராபுரத்திலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். எல்லோரையும் காருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நம்ம மாப்ள படிச்ச படிப்பு இப்பத்தானுங்க உபயோகத்துக்கு வந்திருக்குது. காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியும். அப்போதுதான் டார்ச் வெளிச்சம் அந்த ஸ்டிக்கரில் விழுந்தது. ஐந்து இலக்கமும் பளிச்சென்று இருந்தன. படித்துவிட்டு, மூடியை மாட்டிவிட்டு, எழுந்து வந்தேன்.

"ஸ்டிக்கர் கிழிஞ்சு போயிருக்குதுங்க மச்சான். நம்பர் இல்லீங்க."

"உங்களால ஆகாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. பரவால்லீங்க, போய்க் கையக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபம் சமமானவர்கள் மேல் வருவது. இவர்களைப் பார்த்தால் எனக்கு வந்ததெல்லாம் ஒருவிதமான அலுப்புத்தான்.

அதன் பிறகு மத்தியானத்தில் தம்பிதுரை தூங்கும்போது, போர்ட்டிகோவில் யாரும் இல்லையென்றால், எண்ணை அழுத்தித் திறந்து டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். செருப்போடு. தோப்பில் நடந்துவிட்டு வந்த செருப்பு. வேறெதுவும் செய்யமாட்டேன், எதையும் எடுக்கமாட்டேன். இறங்கும்போது மண்ணை மட்டும் தட்டிவிடாமல் வருவேன்.

மண்ணைப் பார்த்துவிட்டு அவர் வீட்டில் வேலை செய்த சின்னத்தாயியைப் பிடித்தார். கார் துடைக்கிறவள் அவள்தானே. சாவியை எடுத்து யாருக்கு வண்டியைக் காட்டினாய் என்று கேட்டார். அந்த அம்மாள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். நம்பாமல் நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் எண் போய்விடும். அவளுக்கு வேறு வீடு கிடைக்கும், எனக்கு வேறு எண் கிடைக்காது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும்.

இனி தாராபுரம் கல்யாணம். வைகாசி முகூர்த்தம், மண்டபத்துக்குள் நிற்க முடியாத புழுக்கம். தம்பிதுரை சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடும். முதல் பந்தி உட்காரப்போகிறது என்று நம்பி ஊசியைப் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் சீர்த்தட்டை யார் முதலில் தூக்குவது என்று இரண்டு பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வந்துவிட்டது. "நீங்க தூக்குங்க", "இல்லீங்க, நீங்களே தூக்குங்க" என்று வெகுநேரம் சண்டை. எங்கள் ஜனங்கள் சண்டை போட்டாலும் விருந்து உபசாரம் போலத்தான் இருக்கும். பந்தி தள்ளிக்கொண்டே போனது.

பெரிய மனிதர் சமையல்கட்டுக்குப் போய் ஒரு பிடி சோறு கேட்க முடியுமா? கௌரவம் என்ன ஆவது? கோபித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் நிறுத்தியிருந்த காரில் போய் ஏசியைப் போட்டுப் படுத்துவிட்டார். கதவைப் பூட்டிக்கொண்டுதான் படுப்பார். அந்த வண்டி சும்மா நின்று ஓடினால் அரை மணி நேரத்தில் இன்ஜின் தானாக அணைந்துவிடும். கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று முன்பே சொன்னேன்.

இரண்டாவது பந்திக்கு இலை போடும்போது லோகப்பிரியா என்னைத் தேடி வந்தாள். கையில் நெய் விட்ட ஒப்பிட்டு ஒரு தட்டில், ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு.

"ஏனுங்க, அண்ணன் ஊசி போட்டுக்கிட்டு ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டாருங்க. இதக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாங்க. இனிப்புன்னு பாக்க வேண்டாமுன்னு சொல்லுங்க, இப்ப இனிப்புத்தான் வேணும்."

எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. இன்ஜின் அணைந்திருந்தது. வெயில் வண்டியின் மேல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது கை கதவில் எதையோ தடவிக்கொண்டே இருந்தது, ஆனால் பிடி கையில் அகப்படவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா என்று நான் தேடினேன். இல்லை. விரலைக் கொஞ்சம் தூக்கி, மண்டபத்தின் பக்கம் காட்டினார். போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவனே திறக்கக்கூடும் என்று அவருக்கு அந்த நிலைமையிலும் தோன்றவில்லை. என்னால் ஆகும் என்று ஒரு கணம் நினைத்திருந்தால் நான் அந்தக் கணமே திறந்திருப்பேன். ஆகவே அது அவருடைய முடிவு என்றுகூடச் சொல்லலாம்.

வேப்ப மர நிழலுக்குப் போய் ஒப்பிட்டைச் சாப்பிட்டேன். ஆறிப்போனால் அது நன்றாக இராது. சாற்றையும் குடித்துவிட்டு, காலித் தட்டையும் டம்ளரையும் கொண்டுபோய் லோகப்பிரியாவிடம் கொடுத்தேன்.

"சாப்பிட்டாருங்களா?"

"சாப்பிட்டாரு. தூங்கறாரு, எழுப்ப வேண்டாமுன்னாரு."

அவர் தூக்கத்தைக் கலைக்கிற தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தாம்பூலப் பை கொடுக்கும்போதுதான் ஆள் எங்கே என்று தேடினார்கள். கதவைத் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், வண்டியைக் குலுக்கினார்கள். ஆண்களும் பெண்களுமாக ஒரு கல்யாணமே காரைச் சுற்றி நின்றது. ஒருவர் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். ஒருவர் ஹாரன் அடிக்கலாம் என்றார். ஹாரன் உள்ளே இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இவர்கள்தான் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில் மூளையுள்ள ஒரே ஆள், மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்க்கும் சிக்கந்தர். ஒரு இரும்பு ராடோடு வந்து, பின்கண்ணாடிக்கு நேராக ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பாய், செத்த பொறுங்க. இந்தக் கண்ணாடி நம்ம நாட்டுலயே கெடையாதுங்க. மச்சான் எந்திரிச்சுப் பாத்துப்போட்டுக் கேட்டாருன்னா, நீங்களா பதில் சொல்லுவீங்க? இல்ல, வேற யாராச்சும் சொல்றீங்களா?"

சிக்கந்தர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "உடைங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும், ஐயா. அத்தனை பேரும் தம்பிதுரையின் உப்பைத் தின்றவர்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. ராடை வாங்கி மதிலோரம் சாய்த்து வைத்தேன்.

"கதவுக்கு ஒரு நம்பர் இருக்குதுங்க. கம்பெனியில கேட்டாச் சொல்லுவாங்க. நான் கேக்கறேன்" என்றேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன். வண்டி எண் கேட்கிறார்கள் என்றேன். நாலு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ஆர்.சி. புத்தகத்தின் படம் கேட்கிறார்கள் என்றேன். அது ஆலையில் இருக்கிறதா வீட்டில் இருக்கிறதா என்று கிணத்துக்கடவுக்குப் போன் பறந்தது. உரிமையாளரின் பிறந்த தேதி என்றேன், அதற்கும் இரண்டு தேதி வந்தது, எது சரி என்று வாக்குவாதம் நடந்தது. நடுநடுவே நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேன். அவர் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, "சொல்லிட்டாங்க" என்றேன்.

ஐந்து பொத்தானையும் அழுத்தினேன். கதவு டிக்கென்று திறந்தது. கூட்டம் முழுதும் ஒரு பெருமூச்சு விட்டது. பின்னால் யாரோ, "மாப்ள இருக்கப்போய் ஆச்சுங்க. படிச்சவரு படிச்சவருதான்" என்றார்கள். அந்தக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. தம்பிதுரைக்கு அது கேட்டிருக்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் குறைதான்.

நான் கதவைத் தொடாமல் சும்மா நின்றிருந்தால், யாராவது ஒருவர் கடைசியில் உடைத்திருப்பார், நானும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எண் தெரிந்தும் ஒரு தடவைகூட நாலு பேர் பார்க்க அழுத்தாமல் எப்படி இருப்பது?

உங்கள் ஆட்கள் துப்புத் துலக்கினார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அது பொய். கண்டுபிடித்தது லோகப்பிரியா. அண்ணனின் வாயைத் துடைத்துவிட்டு, அவள் அழாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"அண்ணன் தின்னாருன்னு சொன்னீங்க. நெய்யி உங்க சட்டையில இருக்குதுங்களே."

நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன்.

"போனைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். கொடுத்தேன். தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "காலையில இருந்து ஒரு போனும் போகலீங்களே. நம்பர் உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

இத்தனை வருடம் கூட இருந்தவள். அவ்வளவு மூளை அவளுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஏமாந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். எண் எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருக்கும்போதே கதவைத் திறக்க முடியும் என்பது தெரியும். திறக்கவில்லை. தின்னக் கொடுத்ததையும் கொடுக்கவில்லை, உடைக்க வந்தவரையும் நிறுத்தினேன். அவர் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பயந்து பயந்து வாழ்ந்தவன் பழி தீர்த்துக்கொண்டான் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். நான் அந்த மனிதரை ஒருநாளும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

போட்டோவில் கார்க் கதவுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி இருக்கிறதே, அது யாருடையது என்று காலையில் கேட்டீர்கள். என்னுடையதுதான். கதவு திறந்ததும் உள்ளே ஏறி அவரைத் தூக்க வேண்டியிருந்தது. ஏறுவதற்கு முன்னால் கழற்றி வைத்தேன்.