பத்து மடங்கு கரண்ட்

வெள்ளவத்தையில் இரத்மலானை பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள், பொறியியல் படிப்பிப்பவர்கள் போலும், எனக்கு முன் சீட்டில் அமர்ந்தார்கள்.

“எங்கட பகுதித் தலைவர் சேர், சோதனைக்கு எழுதித் தந்த விடையில வெறும் மூண்டு ரெசிஸ்டரை வைச்சே கரண்டைப் பத்து மடங்காக்கிட்டார்.”

“கரண்டைப் பெருக்கிற ட்ரான்சிஸ்டர் ஒண்டும் இல்லாமலோ?”

“ஓம். கரண்ட் கெயினுக்கு வெளியில வாறதை உள்ள போறதால வகுக்கோணும். அவர் தலைகீழா வகுத்திட்டார்.”

“அப்ப இனி நாட்டில மின்வெட்டே வராது. நீ சொல்லேல்லையா?”

“சொன்னனான். ‘பிள்ளை, இருபது வருஷமா இப்பிடித்தான் படிப்பிக்கிறன்’ எண்டு பெருமையாச் சொல்றார்.”

“ஐயோ. அப்ப சரியா எழுதின பிள்ளையள்?”

“பத்தில ஒண்டு எண்டு எழுதின எல்லாருக்கும் சைபர் போடச் சொன்னார்.”

“போட்டியா?”

“இல்லை. முழுப் புள்ளியும் போட்டிட்டு, வேலையையும் விட்டிட்டு வாறன்.”