இரண்டு தளங்களுக்கு நடுவே

மாடிப்படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் படியேறிப் போகிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தக் குடியிருப்பில் பல வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா. நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நான் பேச ஆரம்பித்தால் நீளும்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவர் என் மச்சான். என் மனைவிக்கு அண்ணன், எங்கள் கட்சிக்கு வார்டு செயலாளர். கட்சி சின்னது, அவருடைய விசிட்டிங் கார்டு பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார்.

“மாப்ள, நீ வேலை பார்க்கிற குடியிருப்புல போன தேர்தல்ல நமக்கு ஒரு நாதி இல்ல. மேலிடத்துல என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. நீ வீடு வீடாப் போய்ப் பேசேன்.”

“நான் மெஷின்கிட்ட பேசுற ஆளு மச்சான்.”

“அப்ப சுலபம். அதுவும் பதில் பேசாது, இவங்களும் பேச மாட்டாங்க.”

போனேன். பெல்லை அடித்தால் கதவுத் துளையில் ஒரு கண் தெரியும். உள்ளே டிவி சத்தம் சட்டென்று குறையும். வீட்டில் ஆளே இல்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தப்பித் தவறித் திறந்தவர்கள், “லிஃப்ட்ல ஏதாச்சும் பிரச்சனையா?” என்று கேட்டார்கள். இல்லை, நாட்டில்தான் பிரச்சனை என்று சொல்வதற்குள் சாத்திவிட்டார்கள்.

அதே கதவுகள் டீச்சரம்மாவுக்குத் திறந்தன. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மேல் தளத்தில் தனியாக இருந்தார். எங்கள் எதிர்க்கட்சிக்காக அந்தக் குடியிருப்பைத் தன் கைக்குள் வைத்திருந்தவர் அவர்தான். அவர் வந்தால் நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள். அங்கே பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். தொப்பை விழுந்த அதிகாரிகூட அவரைக் கண்டால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார். எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை. தொழில்முறை மரியாதை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் லிஃப்ட் தானாகவே நின்றது. சத்தியமாகத் தானாகவே. உள்ளே கீழ்த்தளத்துத் தையல்காரர். இரண்டு தளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அம்மா அப்பா என்று அலறினார். பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியில் நின்று பேச்சுக் கொடுத்தேன். எவ்வளவு நேரம்தான் வெயிலைப் பற்றியே பேசுவது? கட்சியைப் பற்றிப் பேசினேன். மேலிடத்துக் கொள்கையெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “ஆமா, ஆமா” என்றார். கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

“நீங்க தெய்வம் மாதிரி. இனிமே எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்.”

முந்தின வாரம் எனக்குக் கதவைத் திறக்காத மனிதர், ஐயா. நான் மொட்டைமாடியில் மெஷின் அறைக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக் கதவைத் தட்டினால் காது கொடுக்காதவர்கள், லிஃப்ட் கதவு மாட்டிக்கொண்டால் காது கொடுக்கிறார்கள். அப்படியென்றால் தப்பு என் பேச்சில் இல்லை, இடத்தில்தான்.

அடுத்த முறையிலிருந்து மெஷின் அறைச் சுவிட்சை நானே அணைத்தேன். பிறகு நிதானமாகப் படியிறங்கி வந்து, வெளிக்கதவை என் சாவியால் ஒரு சாண் திறந்து, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கே மனசு இளகிவிடும். இதில் ஒரு பக்குவம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டிச் சூடு மாதிரி. சீக்கிரம் விட்டால் சுருக்கம் போகாது, அதிக நேரம் வைத்தால் கருகிவிடும். உள்ளே இருக்கும் விசிறியை மட்டும் நிறுத்துவேன். விளக்கை ஒருநாளும் அணைத்ததில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை.

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றை நிறுத்தினேன்; லிஃப்ட் நின்றதையே அவர்கள் கவனிக்கவில்லை. பேசாமல் விட்டுவிட்டேன். பல் டாக்டர் ஒருவர் உள்ளேயே தூங்கிப்போனார். ஆனால் மற்றவர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கும் நாற்காலி போட்டார்கள்.

கட்சிக் கூட்டத்தில் என்னை மேடையேற்றி, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். “மக்கள் இருக்கிற இடத்துக்கு நாம போகணும். அவங்க நின்னு கேட்கிற நேரமாப் பார்த்துப் பேசணும்” என்றேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவி மட்டும் ஒரு நாள் கேட்டாள். “ஏங்க, மத்த கட்டடத்துல எல்லாம் லிஃப்ட் ஓடுது. நீங்க பார்க்கிறது மட்டும் ஏன் இப்படி மக்கர் பண்ணுது?”

“பழைய மெஷின்” என்றேன். அது பொய்யில்லை.

தேர்தல் நெருங்கியது. டீச்சரம்மா சும்மா இருக்கவில்லை. நான் மீட்டுக் கொண்டுவந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போனார். “லிஃப்டைத் திறந்து விடுறது அந்த ஆளோட வேலை. அதுக்குச் சம்பளம் வாங்குறாரு. அதுக்கு எதுக்கு ஓட்டு?” என்று கேட்டிருக்கிறார். கணக்கு டீச்சர் இல்லையா? ஆட்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். தையல்காரர் என்னைப் பார்த்ததும் நூலைக் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டார். ஒரு தடவை டீச்சரம்மாவே என்னை நிறுத்தி, “என்னப்பா, தேர்தல் வந்தா மட்டும் இந்த லிஃப்டுக்குக் கால் வலிக்குதா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

அந்த மத்தியானம் அவர் குப்பைக் கூடையோடு கீழே இறங்கினார். வழியில் லிஃப்ட் நின்றது. நான் எல்லாரிடமும் சொன்னது இதுதான்: மெஷின் மக்கர் பண்ணியது, பாடுபட்டுத் திறந்தேன், அவருக்கு ஏற்கெனவே இருந்த ஆஸ்துமா முந்திக்கொண்டது. யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இறுதிச் சடங்கு வேலைகள் முழுவதையும் நானே பார்த்தேன். நாற்காலி, பந்தல், வண்டி எல்லாம். வெளியூரிலிருந்து வந்த அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா கடைசியாப் பேசினது உங்ககிட்டதான். என்ன சொன்னாங்கண்ணா?”

“கட்சி எதுவா இருந்தாலும் எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு சொன்னாங்கம்மா.”

சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. தேர்தலில் அந்தக் குடியிருப்பு முழுக்க எங்கள் பக்கம் விழுந்தது. மச்சான் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் இறக்கிவிட்டார்.

பிறகுதான் என் மனைவி துவைக்க எடுத்த வேலைச் சட்டையின் பையில் இன்ஹேலரைப் பார்த்தாள்.

“நம்ம வீட்டுல யாருக்கும் இழுப்பு இல்லையே. இது யாரோடது?”

அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை. சொன்னேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வருவதற்குத்தான். வாசலில் நின்று, தான் ஒருநாளும் எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சொந்த அண்ணனின் கட்சி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொன்னார். அந்தக் குடியிருப்பில் எனக்குச் சரிசமமாக விவாதம் செய்தவர் அவர் ஒருவர்தான். உள்ளே புழுக்கம். கொஞ்ச நேரத்தில் அவருக்கு இழுக்க ஆரம்பித்தது.

“மருந்து... மேல மேசையில இருக்குப்பா. கதவு பூட்டல. எடுத்துட்டு வா.”

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திறந்திருந்த இடுக்கு வழியாக நீட்டினேன். அவர் விரல் படும் நேரத்தில் கையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். கொஞ்சம்தான்.

“ஒரே ஒரு வார்த்தை டீச்சர். எங்க கட்சிக்குத்தான்னு சொல்லிடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு நிற்கும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“பொய் சொல்ற அளவுக்கு... மூச்சு இல்லப்பா.”

சொல்லியிருக்கலாம், ஐயா. ஓட்டு என்பது ரகசியம். என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாவடிக்குள் போய் வேறொன்றில் குத்தியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள். இவ்வளவு படித்தவருக்கு அந்தச் சின்ன விட்டுக்கொடுத்தல் வரவில்லை. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. படியில் உட்கார்ந்து, அவர் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். உள்ளே சத்தமெல்லாம் அடங்கிய பிறகு இன்னொரு தடவை பணிவாகக் கேட்டேன். இந்தத் தடவை அவர் மறுத்துப் பேசவில்லை. அதை ஆதரவாகவே எடுத்துக்கொண்டு மருந்தை உள்ளே நீட்டினேன், அவர்தான் வாங்கிக்கொள்ளவில்லை.