ஆமான்னா ஒரு தட்டு

இல்லைங்க, நீங்க பேசவே வேண்டாம். வாயில நாலு ஸ்க்ரூவை வச்சுக்கிட்டுப் பதில் சொன்னா ஒண்ணு உள்ள போயிடும். அப்புறம் பியானோ டாக்டரைக் கூட்டிக்கிட்டு நான் நிஜ டாக்டர்கிட்ட ஓடணும். ஸ்க்ரூட்ரைவரால தரையில தட்டுங்க. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு. புரிஞ்சுதா?

ம், ஒண்ணு. நல்ல பிள்ளை.

இங்க இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். எனக்கு இங்கிருந்து உங்க முழங்காலுக்குக் கீழதான் தெரியுது. மேல இருக்கறதெல்லாம் பியானோவுக்கு அடியில. அதுவும் நல்லதுதான், மனுஷனோட கால்கிட்ட பேசறது சுலபமா இருக்கு. ஒண்ணு சொல்லலாமா? வலது கால்ல கறுப்பு சாக்ஸ், இடது கால்ல காப்பிக்கொட்டை கலர். இழுத்துக்காதீங்க, பாத்தாச்சு. சம்சாரம் போய் எட்டு வருஷம், பொண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. ஜோடி பாத்து எடுத்து வைக்க ஆளில்லை, புரியுது. ஆனா இருநூத்திச் சொச்சம் கம்பியில ஒரு கம்பி மயிரிழை இறங்கியிருந்தா கண்டுபிடிக்கிற ஆளுக்கு, கறுப்புக்கும் காப்பிக்கும் வித்தியாசம் தெரியலைன்னா எப்படிங்க?

சரி, காலையில நீங்க விளக்கினதை ஒரு தடவை ஒப்பிக்கறேன். தப்புன்னா ரெண்டு தட்டு. அடியில ஒரு தொட்டி தொங்கும். அதுல தண்ணி. தண்ணிக்குள்ள ஒரு துணி தோய்ஞ்சு கிடக்கும். காத்து காய்ஞ்சு போச்சுன்னா துணியில இருக்கிற ஈரம் மெல்ல மேல போகும். மழைக்காலத்துல ஈரம் ஜாஸ்தியாச்சுன்னா தண்ணி வேலை நின்னுடும், பக்கத்துல ஒரு கம்பி வெதுவெதுன்னு சூடாகி ஈரத்தை உலர்த்தும். எப்போ எதுன்னு முடிவு பண்றது அந்தக் குட்டிப் பெட்டி. ப்ளக்கை மட்டும் எந்தக் காலத்துலயும் பிடுங்கக் கூடாது. மூணு லைட்டு. பச்சை எரிஞ்சா கரண்ட் இருக்கு. மஞ்சள் எரிஞ்சா தண்ணி ஊத்தணும். சிவப்பு எரிஞ்சா துணி மாத்தணும். சரியா?

பாருங்க, ஒரே தட்டு. நான் ஒண்ணும் மக்கு இல்லை.

இன்னொண்ணும் சொன்னீங்க. இதை மாட்டிட்டா பியானோ ஆடாம அசையாம சுருதியில நிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னு சொன்னீங்க. மத்ததெல்லாம் என் முகத்தைப் பாத்துச் சொன்ன ஆளு, அதைச் சொல்றப்ப மட்டும் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பிச்சீங்க. தேடினது கிடைச்சுதா?

கால் விரலை மட்டும் ஆட்டறீங்க. சரி, வேலையைப் பாருங்க.

ரெண்டரை வருஷத்துல பதினோரு தடவை வந்திருக்கீங்க. பன்னெண்டாவது இது. கணக்கு நான் வைக்கலைங்க, எங்க அக்கா வச்சிருக்கா. பியானோ அவளோடதுதானே. வெளிநாட்டுக்குக் குடும்பத்தோட போறப்ப, கப்பல்ல ஏத்தினா கெட்டுடும், நீ பாத்துக்கோடின்னு என் தலையில கட்டிட்டுப் போயிட்டா. மாசத்துக்கு ஒரு தடவை போன்ல அதோட உடம்பை விசாரிப்பா. டாக்டர் வந்துட்டுப் போனாருன்னு சொன்னா, மறுபடியுமாங்கறா. அவ பொண்ணு இருக்காளே, அது அதுக்கும் மேல. சித்தி, பியானோவுக்கு என்ன வியாதி, டாக்டர் இவ்வளவு தடவை வந்தும் குணமாகலையேன்னு கேக்குது. அந்த வீட்டுல உங்களுக்குப் பேரே பியானோ டாக்டர்தான். நானும் அப்படியே பழகிட்டேன். எனக்கு ஜலதோஷம் வந்தாக் கூட அவங்க யாரும் இவ்வளவு விசாரிச்சதில்லை.

சிரிக்காதீங்க, ஸ்க்ரூ.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில நீங்க சுத்தம். ஆனா அந்த டெஸ்ட் விஷயம் எனக்கு இன்னும் புரியலை. சுருதி கூட்டி முடிச்சதும் ஒண்ணு வாசிப்பீங்களே, இடது கை பாட்டுக்கு ஒரே மாதிரி நடந்துக்கிட்டிருக்கும், வலது கை மட்டும் எங்கேயோ போய்ட்டுப் போய்ட்டுத் திரும்பி வரும். அதுதான். முதல் தடவை அஞ்சு நிமிஷம் வாசிச்சுட்டு, எல்லாக் கட்டையும் ஒழுங்கா எழும்புதான்னு டெஸ்ட் பண்றேன்னு சொன்னீங்க. நம்பினேன். மூணாவது தடவை கால் மணி நேரம். போன தடவை முக்கால் மணி. அடுப்படியில குழாயை மூடிட்டு நின்னுக்கிட்டிருந்தேன், பாதி தேய்ச்ச பாத்திரம் கையில அப்படியே காய்ஞ்சு போச்சு. எண்பத்தெட்டுக் கட்டைதானே இருக்கு? அதை டெஸ்ட் பண்ண முக்கால் மணி நேரமா?

ரெண்டு தட்டு. ஒத்துக்கறீங்க. பரவாயில்லையே.

அய்யோ, கால் பெடல் மேல இருக்கா? மன்னிச்சுக்கோங்க, நான் கவனிக்கலை. உங்க தலைக்கு நேரா ஏதோ ஆடுதா? எடுத்துட்டேன். இல்லை, இதை மிதிச்சா எல்லாக் கம்பியும் கட்டவிழ்ந்து நிக்கும், நாம என்ன பேசினாலும் திருப்பிப் பேசும்னு ஒரு நாள் காட்டினீங்களே. நீங்க போனதுக்கப்புறம் மிதிச்சு வச்சுக்கிட்டு உள்ள குனிஞ்சு பேசிப் பாத்தேன். நிஜமாவே திருப்பிச் சொல்லுது. என்ன பேசினேனா? அதெல்லாம் எனக்கும் பியானோவுக்கும்.

நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவ. நாள் பூரா எதிர்ல ஒரு மூஞ்சி, முன்னாடி எழுத்துப் பலகை, இது தெரியுதா அது தெரியுதான்னு கேக்கறதுதான் பொழைப்பு. தெரியாததைத் தெரியுதுன்னு சொல்றவங்க முகம் எப்படி இருக்கும்னு இருபத்தஞ்சு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வச்சுக்கிற முகமும் தெரியும். நீங்க ரெண்டாவது தடவை வந்தப்ப கண்ணாடிக் காதை நூலால கட்டியிருந்தீங்க. நான் கழட்டி வாங்கிட்டுப் போய் ஒரு ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தேன். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூ. இன்னும் கழலலை, இல்லையா?

ஒண்ணு. தெரியும். நான் போட்டது கழலாது.

என்ன, கையை வெளிய நீட்டி எதைக் காட்டறீங்க? தரையா? ஓ, அந்தக் கறையா? ஆமா, தண்ணிக் கறைதான். ஜன்னல்லேருந்து சாரல் அடிச்சு அடிச்சுப் படிஞ்சது. தேய்ச்சுப் பாத்தேன், போகலை. அப்படியே விட்டுட்டேன்.

மறுபடியும் அந்தக் கறையையே தொட்டுக் காட்டறீங்களே?

சரி. இப்பவே சொல்லிடறேன். நீங்க மல்லாந்து கிடக்கறீங்க, கையில தொட்டி, வாயில ஸ்க்ரூ. எழுந்தும் போக முடியாது, குறுக்கயும் பேச முடியாது. எனக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்கப் போறதில்லை. அந்த ஜன்னலைத் திறந்து வைக்கறது நான்தான். மறந்து போய் இல்லை. முதல் தடவை நிஜமாவே மறந்துட்டேன், சத்தியமா. மழை நாள், பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டேன். வந்து பாத்தா நடுவுல இருக்கிற கட்டையெல்லாம் அமுக்கினா எழும்பவே இல்லை. பயந்து போய் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க வந்தீங்க, சரி பண்ணீங்க, அந்த டெஸ்ட் வாசிச்சீங்க. அடுத்த மழை வந்தப்ப ஜன்னலைச் சாத்தப் போனேன். கொக்கியில கை வச்சேன். சாத்தலை. அவ்வளவுதான்.

பியானோவை உள் சுவர்லேருந்து ஜன்னல் பக்கம் நகர்த்தினதும் நான்தான். வெளிச்சத்துக்காகன்னு உங்ககிட்ட அளந்து விட்டேன். வாசிக்கவே தெரியாதவளுக்கு என்னங்க வெளிச்சம்? பக்கத்து வீட்டுத் தம்பிங்க மூணு பேரு தள்ளி விட்டாங்க. மழை இல்லாத மாசத்துல என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? வெயில் அடிக்கிற நேரத்துல மேல் மூடியைத் திறந்து வச்சேன். அதுவும் வேலை செஞ்சுது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க, அதுதான் வேடிக்கை. பதினோரு தடவையும் ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி வந்து, ஈரத்தை அளக்கிற அந்தக் கடிகாரத்தைப் பாத்து, தலையை ஆட்டி, இந்தக் காலநிலையே அப்படித்தாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க. நானும் ஆமாங்க, காலநிலைன்னு தலையாட்டியிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை தூசி துடைக்கறப்ப உள்ள கம்பிக்குப் பக்கத்துல ஓர் அட்டை செருகியிருந்துது. உங்க கையெழுத்து. வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் தேதியும், எவ்வளவு ஈரம்னும், என்ன கோளாறுன்னும் எழுதி வைக்கறது உங்க தொழில் வழக்கம் போல. அடுத்து வர்ற ஆளுக்குக் குறிப்பு. வீட்டுக்காரங்க படிப்பாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லை.

அட்டை என் மடியிலதான் இருக்கு. படிக்கறேன். முதல் தடவை: ஈரம் எழுபத்தெட்டு, நடுக்கட்டைகள் இறுகல், காரணம் ஜன்னல். ரெண்டாவது: எழுபத்தாறு, ஜன்னல். மூணாவது, பியானோவை நகர்த்தினதுக்கப்புறம்: எண்பது, ஜன்னல், சொல்லவில்லை. நாலாவது: ஜன்னல், சொல்லவில்லை. அஞ்சு, ஆறு, ஏழு, எல்லாம் அப்படியே. எட்டாவதுல ஈரத்தையே எழுதலை, சொல்லவில்லைன்னு மட்டும் இருக்கு. பதினொண்ணாவது: பெரிய பலகையில் முடியளவு விரிசல் ஆரம்பம், இனி சொல்லியாக வேண்டும்.

சொல்லியாக வேண்டும்னு எழுதின மனுஷன் என்ன பண்ணார்? சொன்னாரா? ஒரு தொட்டி, ஒரு துணி, மூணு லைட்டு, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்து அடியில படுத்துக்கிட்டார். ஜன்னலைச் சாத்துங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செலவே இல்லை.

கோபம் இல்லைங்க. துடைக்கற துணியைப் போட்டுட்டு மறுபடியும் முதல்லேருந்து படிச்சேன். சந்தோஷமா வெக்கமான்னு தெரியலை, ரெண்டும் இருந்துது. ஆனா அந்த விரிசல்னு எழுதியிருந்துதே, அதுதான் மனசைப் போட்டு அறுத்துது. அக்காவோட பொருள். நாம ரெண்டு பேரும் வாயைத் திறக்காததுக்கு, பாவம், அது பிளந்துக்கிட்டிருக்கு. அன்னிக்கே ஜன்னலைச் சாத்திட்டேன். கொக்கி போட்டு, அதுக்கு மேல கம்பியும் சுத்தியிருக்கேன். இனிமே மழை இந்த அறைக்குள்ள வராது. உங்க பெட்டியும் வந்தாச்சு. பச்சை லைட்டு எரியும், கட்டை இறுகாது, கம்பி இறங்காது. நான் உங்களைக் கூப்பிட ஒரு சாக்கும் இருக்காது.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதோட வாயை மூடிக்கறேன். எனக்கு அம்பத்தோரு வயசு, உங்களுக்கு அதுக்கு மேல. சுத்தி வளைக்க நேரமில்லை. பியானோ நல்லா இருந்தாலும் வருவீங்களா? பையெல்லாம் வேண்டாம். சும்மா வாங்க, உக்காந்து டெஸ்ட் பண்ணுங்க, நான் அடுப்படியில நிக்காம இங்கயே உக்காந்து கேக்கறேன். வருவீங்களா? அவசரமில்லை. ஆமான்னா ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு.

ஐயையோ. என்னங்க அது, தலையா? எழுந்திருக்காதீங்க, மறுபடி இடிச்சுப்பீங்க. மொதல்ல அந்த ஸ்க்ரூவைத் துப்புங்க. நாலும் இருக்கா? சரி. ரத்தம் வருதா? இல்லையே. மெல்ல, மெல்ல வெளிய வாங்க.

இன்னும் கேக்குது பாருங்க, பியானோ பூரா ரீங்காரம். மறுபடியும் பெடல் மேல காலை வச்சுட்டேன் போல.

இல்லை இல்லை, இப்ப வாய் காலியாயிடுச்சுன்னு பேச ஆரம்பிக்காதீங்க. விதி விதிதான். ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. நான் எண்ணிட்டேன்.