கடைசி ஆள் கரையேறும் வரை

மலையிறங்கும் நீரை மனையேறும் ஒளியாக்கிய மாண்புடையீர்! சுழலும் பொறியின் சுருதி பிசகினால் சுவருக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடும் செவியுடையீர்! முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்நீர்மின் நிலையத்தின் நெஞ்சாக நின்ற முதுநிலைப் பொறியாளரே, இளையோர் எல்லோருக்கும் இனிய அக்காவே, வணக்கம்!

புகழுரை தொடங்கினால் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவது தங்கள் வழக்கம். ஆகவே, நடந்த கதையைத் தங்களைப் பார்த்துச் சொல்லாமல், இப்பணிநிறைவு விழாவில் கூடியிருப்போரைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் காதைப் பொத்திக்கொண்டாலும் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை.

அவையோரே! இந்த அம்மையாருக்கு இங்கே ‘பொறுங்க மேடம்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்துமுன்பும் ‘பொறுங்க’ என்று ஒரு மூச்சு நிறுத்துவார். “எங்க வீட்டுல மிக்சி போடுறதுக்கு முன்னாடிகூட அம்மா மூடியை மூணு தரம் தொட்டுப் பார்ப்பாங்க” என்று அவர் மகள் சொல்லிச் சிரித்ததுண்டு.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு வறண்ட கோடை. அன்று மாலை நான்கு மணி வரை நிலையம் ஓடாது என்று கீழ்க்கரை ஊர்களுக்குச் சொல்லியாயிற்று. அதை நம்பிப் பத்தொன்பது தொழிலாளர்கள், கணுக்கால் நீர் ஓடிய ஆற்றின் நடுவே, குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் இரண்டு இருபதுக்கு எங்கோ ஓர் அனல்மின் நிலையம் நின்றுபோனது. தலைமைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தொலைபேசி அலறியது.

“மூணு மெஷினையும் உடனே ஏத்துங்க மேடம். இல்லேன்னா பாதி நகரம் அணைஞ்சிரும்.”

“ஆத்துக்குள்ள ஆளுங்க இருக்காங்க சார். நாலு மணிக்கு மேலதான் தண்ணி வரும்னு நாமதான் சொல்லியிருக்கோம்.”

“எழுத்துல ஆர்டர் தர்றேன். பொறுப்பு என்னுது.”

“பொறுப்பு உங்களுது சார். கை என்னுது.”

“சரி, எவ்வளவு நேரம்தான் ஆகும்?”

“கடைசி ஆள் கரையேறுற வரைக்கும்.”

சொன்ன கையோடு, அவர்களைக் கரையேற்ற ஜீப்பை அனுப்பினார். பாதை முடிந்த இடத்தில் ஓட்டுநர் இறங்கிக் கல்லும் முள்ளும் பாராமல் ஓடினார். இதற்குள் நகரம் இருண்டது, ஆலைகள் நின்றன, தொலைபேசியில் வசவு விழுந்தது. முப்பத்தெட்டு நிமிடங்களுக்குப் பின் கரையிலிருந்த காவல் குடிசையிலிருந்து ஓட்டுநர் மூச்சிரைக்கப் பேசினார்.

“எண்ணிட்டேன் மேடம். பத்தொன்பது பேரும் மேல வந்தாச்சு.”

“இன்னொரு தரம் எண்ணுங்க.”

எண்ணினார். அதன் பிறகே பொறிகள் சுழன்றன. கால்மணி நேரத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் ஓராள் உயரத்துக்கு நீர் ஓடியது.

யாரும் சாகவில்லை என்பதால் நடந்தது யாருக்கும் செய்தியாகவில்லை. நகரம் இருண்டது மட்டுமே செய்தியாயிற்று. விசாரணை வைத்தார்கள். “ஆட்களைக் கண்ணால் கண்டீரா?” என்றார்கள். “காணவில்லை” என்றார். உள்ளதைச் சொல்லியே பழகிய வாய். அந்த அறையில் அவருடன் இருந்து எல்லாவற்றையும் கேட்ட எங்களில் மூவரைக் கூப்பிட்டார்கள். மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, “சரியா ஞாபகம் இல்ல சார்” என்றோம். தற்காலிக ஊழியரான ஓட்டுநரை ஒருவரும் அழைக்கவே இல்லை. அம்மையாருக்குக் கண்டனக் குறிப்பு எழுதப்பட்டது; பதவி உயர்வு நின்றது; மூன்றாண்டுகள் பதிவேட்டறைக்கு அனுப்பப்பட்டார்.

“தப்பாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுதே” என்று கணவர் கேட்டாராம். “தப்பில்லையேங்க” என்றாராம் இவர். கணவர் சோற்றைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம்.

பதிவேட்டறைத் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இருபது ஆண்டு நீரோட்டப் பதிவுகளைப் புரட்டினார். முதலில் எச்சரிக்கை ஒலிப்பான், பிறகு ஒரே ஒரு பொறி, அதுவும் மெதுவாக, ஆற்றில் இருப்பவர் கரையேற அவகாசம் தந்து மற்றவை. இப்படி ஓட்டினால் நீரும் வீணாகாது, மின்சாரமும் பெரிதாகக் குறையாது என்று தாளில் நிறுவினார். நான்கு முறை திரும்பி வந்த அந்தத் தாள் ஐந்தாம் முறை ஆணையாயிற்று.

அதன் பலனை அவரே எதிர்பார்க்கவில்லை. அணை எழுந்து இருபத்தோராண்டுகள், ஆற்றங்கரை ஊர்களின் தலைக்கு மேல் கம்பி போயிற்று. வீட்டுக்குள்ளோ மண்ணெண்ணெய்தான் புகைந்தது. கீழே இன்னொரு சிறு நிலையம் கட்ட ஒவ்வொரு முறை பேசியபோதும் அவ்வூர்கள் ஒன்றாக மறுத்தன. ஒலிப்பான் வந்த மறு ஆண்டு கூடிய கூட்டத்தில், அன்று பள்ளம் தோண்டிய பெண்ணொருவர் எழுந்தார்: “கரண்டு வேணாம்னு யாரு சொன்னா? எங்களை முழுங்காம வரட்டும்னுதானே சொன்னோம்! இந்தம்மா பார்த்துக்கிட்டா நாங்க சம்மதிக்கிறோம்.”

பதிவேட்டறையிலிருந்து அவரை வெளியே அழைத்தது தலைமையகம் அல்ல. அந்தப் பெண்ணின் சொல். புதிய நிலையத்தின் முதல் கம்பி அவ்வூர்களுக்கே போக வேண்டும் என்று இவர் பிடித்த பிடியில் நின்றார். இன்று அங்கே மாவு மில் ஓடுகிறது. காய்கறி வாடாமல் காக்கும் குளிர்பதனக் கிடங்கு நிற்கிறது. தையல் கூடத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வளரத் துடிக்கும் நாடுகளுக்குப் புகையில்லாமல் பொருள் சேர்க்கும் செல்வம் ஆறு என்பார்கள். மெய்தான். ஆனால் கரையில் வாழ்பவன் நம்பாத வளர்ச்சி மணலில் கட்டிய சுவர் என்பதை இவரிடம் கற்றோம்.

அக்கா! இனித் தங்களைப் பார்த்தே பேச வேண்டும். புகழ்வதைவிட எங்களுக்குப் பெரிய கடமை ஒன்று உண்டு. அன்று வாய்மூடிய மூவரும், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையொப்பமிட்டு, அக்கண்டனக் குறிப்பை நீக்கக் கோரி நேற்றுத் தலைமையகத்தில் சேர்ப்பித்துவிட்டோம். பொய்ச் சாட்சி சொன்னதற்கு எங்கள் மேல் நடவடிக்கை வந்தாலும் வரட்டும். பதினேழு ஆண்டு தாமதம் மன்னிக்கத் தக்கதன்று. ஒருமுறைகூடத் தாங்கள் சொல்லிக்காட்டவில்லை. எங்கள் வீட்டு நல்லது கெட்டது அனைத்துக்கும் முதல் ஆளாய் வந்து நின்றீர்கள். அதுவே எங்களைச் சுட்டது.

நோயணுகா உடலும் நொடியா உள்ளமும் பெற்று நூறாண்டு வாழ்க! தொலைபேசி அடித்தால் அது மகளாகவே இருக்கட்டும். சோறு ஆறுமுன் உண்ணும் பகல்கள் தங்களுக்கு வாய்க்கட்டும். கணவரோடு நிதானமாக ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள். அங்கே தங்களை உட்காரவைத்துப் பேச எத்தனையோ வீடுகள் காத்திருக்கின்றன.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
அன்று அந்த அறையில் இருந்த மூவர்,
ஜீப் ஓட்டுநர்,
மற்றும் நிலையப் பணியாளர்கள் அனைவரும்