நிலாவைப் பார்க்காத தொலைநோக்கி

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸில், கல்லூரித் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்பவர் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் புலம்பினார்.

“நிலாவப் பாருன்னா தென்னமரத்தப் பாக்குதுண்ணே! கம்ப்யூட்டர் பேச்சக் கேக்கல. இன்னைக்குச் சரியாகலைன்னா மெட்ராசுக்கே திருப்பி அனுப்பிருவாக.”

“எப்ப இருந்து மாப்ள?”

“ஆயுத பூசைக்கு மறுநாள்ல இருந்து.”

“சந்தனம் வச்சியா?”

“வைக்காமயா?”

“எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கம்ப்யூட்டருக்குக் காட்டுமே, குட்டிக் கண்ணாடிக் கண்ணு, அதுலயுமா?”

“அதுலதாண்ணே பெருசா வச்சேன். அம்புட்டு அழகா இருந்துச்சு.”

“அட கிறுக்கா! கண்ண மூடிவிட்டுட்டு எங்கிட்டுப் பாக்கச் சொல்ற?”

தொலைநோக்கிக்காரர் மேலூரிலேயே குதித்து, கொட்டாம்பட்டிக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு ஓடினார்.

“தொடச்சிட்டு மறுபடி பொட்டு வச்சிராத!” என்று ரேடியோக்காரர் ஜன்னல் வழியே கத்தினார்.

அன்று மாலை அது நிலாவைப் பார்த்ததா என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.