செம்மண் வெளியில் தரைப்போர்வை அளந்து, இன்று பணி ஓய்வு பெறும் மோரீன் ட்ரெகியர் அவர்களுக்கு

வானம் பொய்த்தாலும் வாய்மை பொய்க்காத வடபுலத்து அலுவலரே! வெயிலுக்கு அஞ்சாத வீராங்கனையே! எங்கள் மேய்ச்சல் நிலக் கண்காணிப்பு அலுவலகத்தின் மூத்தவரே! அன்பு மோரீன் அம்மையீர்!

முப்பத்தோராண்டுகள் உப்புப்புதர் வளரும் ஆட்டுப்பண்ணைகளில் அடிமேல் அடிவைத்து நடந்தீர்கள். காலணி முனை படுமிடத்தில் இருப்பது புல்லா, சருகா, வெறும் மண்ணா எனக் குறித்து, நூற்றுக்கு எத்தனை பங்கு தரை மூடியிருக்கிறதென்று சொன்னீர்கள். மூடாத மண்ணைக் காற்று கொண்டுபோகும் என்பதை எவர் மனமும் நோகாமல் எடுத்துரைத்தீர்கள். (தங்கள் தேநீரைப் பற்றி மௌனம் காக்கிறோம்.)

மூன்றாம் வறட்சியாண்டின் அந்தச் செவ்வாய்க்கிழமையை நாங்கள் மறவோம். சாய்வெயிலில் வண்டியிலிருந்தபடியே பண்ணைக்காரர் கெவின் லார்கினின் மேய்ச்சலைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு இருக்கு, ஆடு நிக்கட்டும்" என்று சொல்லித் திரும்பினீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் புல் அடர்த்தியாகத் தெரியுமே என்ற ஐயம் உறங்கவிடவில்லை. விடிந்ததும் நூற்றறுபது கிலோமீட்டர் மீண்டும் ஓட்டிச் சென்று, முந்நூறு காலடி நடந்து, நேர்கீழே பார்த்து எண்ணினீர்கள். நூற்றுக்கு இருபத்தேழுதான்! ஆடுகள் இன்னும் மேய்ந்தால் மண் காற்றோடு போய்விடும்.

"ஏம்மா மோரீன், நேத்து நாப்பத்தஞ்சு, இன்னிக்கு இருபத்தேழா? ராத்திரியோட ராத்திரியா உங்க ஆபீஸ்காரங்க வந்து மேஞ்சிட்டாங்களா?" என்றார் லார்கின்.

"புல்லு அப்படியேதான் இருக்கு, கெவின். நான்தான் வண்டிய விட்டு எறங்கல. தப்பு என்னோடது. ஆட்ட ஓட்டிடுங்க."

லார்கின் நாய்களுக்குச் சீழ்க்கை அடித்தார். எண்ணூறு பெட்டையாடுகளும் அவ்வாரமே தெற்கே லாரி ஏறின. பன்னிரண்டாம் நாள் புழுதிப்புயல் எழுந்து மூன்று நாள் ஓயாது வீசியது. அக்கம்பக்கத்து வேலிகள் மேல்கம்பிவரை மணலில் புதைந்தன. லார்கினின் புல்தூர்களோ வேர் பெயராமல் மண்ணைப் பற்றி நின்றன! ஏப்ரல் மழைக்கு அவை துளிர்த்தன. செப்டம்பரில் ஆடுகள் ஊர் திரும்பி ஈன்றன.

அவ்வாண்டின் அறிக்கையில் தங்கள் பிழையைத் தாங்களே எழுதினீர்கள். மேலிடம் முகம் சுளித்தது. ஆயினும் அன்றுமுதல் இவ்வலுவலகத்தில் எவரும் தம் பிழையை ஒப்புக்கொள்ள அஞ்சியதில்லை. தாங்கள் எங்களுக்குத் தந்த பெருஞ்செல்வம் அதுவே!

போர்ட் லிங்கன் கடற்கரையில் கணவர் கிளெம் படகுக்குச் சாயம் பூசிக் காத்திருக்கிறாராம். முழங்கால் வலி தீர்ந்து, மீன் வளம் பெருகி, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க! முப்பத்தோராண்டு குனிந்து மண்ணையே பார்த்த கண்கள், இனி நிமிர்ந்து கடல் காணட்டும்!

தங்களைப் பிரிய மனமின்றி,
வடபுல மேய்ச்சல் நிலக் கண்காணிப்பு அலுவலகத்தார் பதினொருவர்