சாயிரா தினமும் நடக்கிறாள்

அன்னத்தாய்: ...இன்னைக்கு ஒரு நாளைக்கு நடைய விட்டுருவமா அண்ணாச்சி? சின்னவளுக்கு ராத்திரி பூரா காய்ச்சல். இட்லிய அவிச்சு, அவுகள சைக்கிள்ல யாவாரத்துக்கு ஏத்தி அனுப்பிட்டு இப்பதான் ஓடியாறேன்.

ஷேக் பரீத்: விட்டா அவ கேப்பாளே தாயி.

அன்னத்தாய்: எவ? மஸ்கட்ல இருக்க உங்க மகளா, இல்ல...

ஷேக் பரீத்: ஷைஸ்தாவத்தான் சொல்லுதேன். வேற யாரு கேக்கப்போறா? கைய நீட்டு. வாட்ச்ச இறுக்கிக் கட்டிக்க. லூசா இருந்தா நெஞ்சுத் துடிப்பு அவ போன்ல காட்டாது.

அன்னத்தாய்: இது கையில ஏறுனதும் ஜில்லுன்னு ஆயிருது. கொஞ்சம் நின்னா உர்ருன்னு அதிருது. சாயிராக்கா முழங்கையால இடிச்சு, 'ஏட்டி, நடட்டி'ன்னு சொல்லுத மாதிரியே இருக்கு.

ஷேக் பரீத்: கம்பெனிக்காரன் அப்படி வச்சிருக்கான். சும்மா நின்னா அதிரும்.

அன்னத்தாய்: செருப்புச் சத்தமும் கம்பெனிக்காரன் வச்சதா? நைன்டி ஃபீட் ரோட்டுல திரும்பும்போது பக்கத்துல சரக் சரக்குன்னு... நான் நின்னா அதுவும் நிக்குது.

ஷேக் பரீத்: ...எந்தப் பக்கம்?

அன்னத்தாய்: இடது பக்கம்.

ஷேக் பரீத்: என்கூட வரும்போதும் அவ இடது பக்கந்தான் வருவா.

அன்னத்தாய்: பாத்தீங்களா... மேலெல்லாம் புல்லரிக்கு. உங்க மகளுக்குப் பிரசவம் ஆகட்டும், அன்னைக்கே இதக் கழட்டிருவேன். இந்தா, போன் அடிக்கு. அவதான்.

ஷேக் பரீத்: ஸ்பீக்கர்ல போடு. நான் இங்க நிக்கது தெரியக் கூடாது. மறந்துராத தாயி... ரெண்டு பிள்ளை வயித்துலயே கலைஞ்சு, இது மூணாவது. படுக்கைய விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னுருக்காங்க. அவ உம்மா சாயிராவ அடக்கம் பண்ணியாச்சுன்னு ஒரு சொல்லு உன் வாயில இருந்து வந்துச்சு...

அன்னத்தாய்: வராது. நீங்க வாயப் பொத்திக்கிட்டு நில்லுங்க. ...ஹலோ, ஷைஸ்தா? என்னடி, விடியுமுன்ன?

ஷைஸ்தா: தூக்கம் வரலைக்கா. உம்மா வாட்ச் இன்னும் ஆரம்பிக்கலையேன்னு போனையே பாத்துட்டுக் கெடந்தேன். இப்பதான் துடிப்பு வந்துச்சு. ஏன் இவ்ளோ வேகமா துடிக்குது?

அன்னத்தாய்: அது... படி எறங்கி வந்தாகல்லா.

ஷைஸ்தா: இப்ப இன்னும் வேகமாகுதே.

அன்னத்தாய்: வீசி நடக்காக. எனக்கு முன்னாடி போயிட்டாக.

ஷைஸ்தா: அரே, தொண்டையில ஆபரேஷன் பண்ணவங்கள இப்படி வெரட்டுறீங்க. இன்னும் பேசக் கூடாதாமா?

அன்னத்தாய்: வாயவே தொறக்கக் கூடாதாம்.

ஷைஸ்தா: பேசாம இருக்கது உம்மாவுக்குக் கஷ்டமாச்சே.

அன்னத்தாய்: இப்ப... பழகிட்டாக.

ஷைஸ்தா: வீடியோல ஒரு தடவ முகத்தக் காட்டுங்களேன்.

அன்னத்தாய்: ஒரே இருட்டுட்டி. ஒண்ணும் தெரியாது.

ஷைஸ்தா: சரி, டென்ஷன் எடுக்காதீங்க. உங்களுக்கு எப்படிக்கா நேரம் கெடைக்குது? பிள்ளைங்க, மாவு, இட்லி, தண்ணி பிடிக்கணும்... எனக்கும் பிள்ளை பொறந்தப்புறம் தினம் நடக்கணும்னு ஆசதான். ஆனா ரெண்டு நாள் செஞ்சா மூணாம் நாள் விட்டுருவேன்.

அன்னத்தாய்: நானும் அப்படித்தான். மூட்டுவலிக்கு நடன்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்கு நாளைக்குன்னு வருசம் ஓடிட்டு. தனக்குன்னா நம்ம எந்திரிக்க மாட்டோம்டி. பிள்ளைக்குன்னா எந்திரிப்போம், புருசனுக்குன்னா எந்திரிப்போம். வாசல்ல ஒருத்தி நமக்காகக் காத்துக்கிட்டு நிக்கான்னு வச்சிக்க... கால் தன்னால செருப்பத் தேடும்.

ஷைஸ்தா: யாருக்கா நிக்கா?

அன்னத்தாய்: ...உங்க உம்மாதான்.

ஷேக் பரீத்: போதும் தாயி, வச்சிரு.

ஷைஸ்தா: பக்கத்துல யாரு?

அன்னத்தாய்: பால்காரன்டி. வழி கேக்கான்.

ஷைஸ்தா: அச்சா... உம்மா ஒரு நாள் கூடத் தப்பலையேக்கா. மழை கொட்டுன அன்னைக்கும் நடந்திருக்காங்க. பக்ரீத் அன்னைக்குக் காலையிலயும் நடந்திருக்காங்க.

அன்னத்தாய்: பின்ன? உங்க உம்மா ஒண்ணப் பிடிச்சா விடுவாகளா?

ஷேக் பரீத்: பெருநாள் அன்னைக்கா போன? அன்னைக்கு அவ அடுப்பங்கரைய விட்டு நகரவே மாட்டாளே...

அன்னத்தாய்: மெதுவா, அண்ணாச்சி. உங்க பெருநாள் வழக்கம் எனக்கென்ன தெரியும்? நீங்கதான் ஒரு நாளும் விடாதன்னு...

ஷைஸ்தா: அவங்கள ஏசாதீங்க வாப்பா. நீங்க அங்க நிக்கது தெரியும். தினமும் உங்க இருமல் கேக்குது.

ஷேக் பரீத்: ஷைஸ்தா... உம்மா முன்னால போயிட்டா, இந்தா இப்ப கூப்புடுதேன்...

ஷைஸ்தா: வேண்டாம் வாப்பா. அந்த வாட்ச்ச வாங்கி அனுப்புனதே நான்தான். உம்மா ஒரு வாரம் சேந்தாப்ல நடந்தது கெடையாது. விருந்தாள் வந்துட்டாங்க, கறி வாங்கப் போகணும், காலு நோவுது... தினம் ஒரு சாக்கு. நானும் தினம் சண்டை போடுவேன்.

அன்னத்தாய்: ஷைஸ்தா, நான் சொல்லுதத கேளு...

ஷைஸ்தா: நீங்க கேளுங்கக்கா. திடீர்னு ஒரு நாளும் தப்பாம நடக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அந்த வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, உம்மா மவுத்தாயிட்டாங்கன்னு. அழுதா வயித்துல இருக்கது தாங்காதுன்னுதான் உங்ககிட்ட பொய்யா பேசிட்டுக் கெடந்தேன். யாரு துடிப்பா இருந்தா என்ன, அதப் பாத்துட்டுத்தான் இதுவும் தங்கியிருக்கு. பிள்ளை பொறக்குற வரைக்கும் நடக்குறத நிறுத்திராதீங்கக்கா.